மாமனார், மாப்பிள்ளை, சகலைகள்

ரொனால்டு ஃபிஷருக்குப் பார்வை மிக மோசம். ஆனால் அடுத்தவர் செய்த பிழை மட்டும் ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரியும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததன் பலனைத்தான் இன்றைக்கும் ஆய்வு மாணவர்கள் நடுராத்திரியில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அனுபவிக்கிறார்கள். அனோவா என்ற மாறுபாட்டுப் பகுப்பாய்வைப் போடு. போடுவதற்கு முன் அதன் அனுமானங்கள் சரியா என்று பார். சரியில்லையா, தரவை உருமாற்று. அதற்கும் மசியவில்லையா, வழிகாட்டியின் காலில் விழு. இந்தச் சாத்திரம் எங்கிருந்து வந்தது என்று கிளறினால், கணிதம் கொஞ்சமும் குடும்பத் தகராறு நிறையவும் கிடைக்கின்றன.

1919-ல் ஃபிஷருக்கு வயது 29. பள்ளிக்கூட வாத்தியார் வேலை பார்த்து அலுத்துப் போயிருந்தார். லண்டனில் புள்ளியியலின் பெரிய பண்ணையாராக இருந்த கார்ல் பியர்சன் தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டார். போனால் பியர்சனுக்குப் பிடித்ததைத்தான் எழுத வேண்டும், பியர்சன் தலையாட்டினால்தான் அச்சேறும். ஃபிஷர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஹார்ப்பெண்டனில் இருந்த ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு தற்காலிக வேலைக்குப் போய்விட்டார்.

ரோத்தம்ஸ்டெட், சூப்பர் பாஸ்பேட் உரம் விற்றுக் காசு பார்த்த ஜான் லாஸ் என்பவர் 1843-ல் தன் சொந்த நிலத்தில் ஆரம்பித்த இடம். எந்த வயலுக்கு என்ன உரம், எவ்வளவு கோதுமை, எவ்வளவு மழை என்று முக்கால் நூற்றாண்டாக எழுதி அடுக்கியிருந்தார்கள். எழுதியதை என்ன செய்வது என்பதில்தான் தெளிவில்லை. இதிலிருந்து ஏதாவது தேறுகிறதா பார் என்பதுதான் ஃபிஷருக்குக் கொடுத்த வேலை. கணக்குப் போட ‘மில்லியனர்’ என்று பெயர் வைத்த கைச்சுற்று இயந்திரம் ஒன்று. அந்த அறையில் பணக்காரப் பெயர் அதற்கு மட்டும்தான்.

கோதுமையை முடித்துவிட்டு 1923-ல் அவரும் வினிஃப்ரட் மெக்கன்சியும் உருளைக்கிழங்கில் கை வைத்தார்கள். அனோவா அச்சில் ஏறிய முதல் கட்டுரை அதுதான். விஷயம் ஒரு பாகப்பிரிவினை. விளைச்சலில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. அதில் இரகத்தால் வந்த பங்கு எவ்வளவு, உரத்தால் வந்த பங்கு எவ்வளவு, மண்ணும் புழுவும் ஆண்டவனும் கூட்டுச் சேர்ந்து செய்த பங்கு எவ்வளவு? கடைசிப் பங்குதாரருக்குப் ‘பிழை’ என்று பெயர். மற்றவர் பங்கு பிழையின் பங்கைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால், வித்தியாசம் நிஜம் என்று தீர்ப்பு.

இந்தப் பத்திரம் செல்ல நான்கு நிபந்தனைகள். விளைவுகள் ஒன்றோடொன்று கூட்டலாகச் சேர வேண்டும். பிழைகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். எல்லாக் குழுவிலும் பிழையின் பரவல் ஒரே அளவாக இருக்க வேண்டும். அந்தப் பிழைகள் இயல்நிலைப் பரவலில், மணியைக் கவிழ்த்த வடிவத்தில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த உருளைக்கிழங்கு வயலுக்கு வாருங்கள். வயலை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தொழுவுரம் போட்டார்கள், மறு பாதிக்கு இல்லை. ஒவ்வொரு பாதியிலும் 12 இரகங்கள், இரகத்துக்கு மூன்று பாத்திகள். ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று வரிசைகள்: ஒன்றுக்குப் பொட்டாஷ் இல்லை, ஒன்றுக்கு சல்பேட்டாக, ஒன்றுக்கு குளோரைடாக. பக்கத்துப் பக்கத்து வரிசைகள் ஒரே மண், ஒரே ஈரம், ஒரே புழு. அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணி, எல்லாவற்றுக்கும் ஒரே பிழையை வைத்துக் கணக்கை முடித்தார் ஃபிஷர். எந்த இரகம் எந்தப் பாத்தியில் என்று குலுக்கிப் போடவும் இல்லை. அதோடு நிற்கவில்லை. நல்ல இரகமும் நல்ல உரமும் கூட்டலாகச் சேர்வதைவிடப் பெருக்கலாகச் சேர்வதே பொருத்தம் என்று அதே கட்டுரையில் இன்னொரு சூத்திரமும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆக, முதல் அனோவாவிலேயே சார்பற்ற தன்மை அம்போ, கூட்டல் தன்மை சந்தேகம். இன்றைக்கு ஒரு முனைவர் பட்ட மாணவர் இதைக் கொண்டுபோனால் வாய்மொழித் தேர்வில் தோலை உரித்துவிடுவார்கள்.

1925-ல் ‘ஸ்டாட்டிஸ்டிக்கல் மெத்தட்ஸ் ஃபார் ரிசர்ச் ஒர்க்கர்ஸ்’ புத்தகம் வந்தபோது அதே உருளைக்கிழங்கு மறுபடியும் ஆஜர். இந்த முறை பாத்திக்கு ஒரு பிழை, வரிசைக்கு ஒரு பிழை என்று கச்சிதமாக, சரியாக. இரண்டே வருடத்தில் மேதை தன்னைத் தானே திருத்திக்கொண்டார், சத்தமில்லாமல். அடுத்தவரைத் திருத்தும்போதுதான் அவருக்குக் குரல் உயரும்.

நான்காவது நிபந்தனையான இயல்நிலைக்கு வேறொரு பூர்வீகம் இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் வில்லியம் கோசெட் என்று ஒருவர். பார்லியும் பீரும் அவர் பிழைப்பு. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வுக் கட்டுரை எழுதக் கம்பெனி விடாததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற பெயரில் எழுதினார். நான்கைந்து அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று 1908-ல் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். தரவு இயல்நிலையில் இருந்தால்தான் அது செல்லும். சூத்திரம் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கையில் பெரிய தரவு வேண்டுமே? 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அந்த எண்களை 3000 அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து, 750 குழுக்கள் பிரித்தார். சூத்திரம் பொருந்தியது. சிறு மாதிரிப் புள்ளியியலுக்கு முதலில் சாட்சி சொன்னவர்கள் இங்கிலாந்தின் சிறைவாசிகள்.

கோசெட் நல்ல மனிதர், நகைச்சுவை உள்ளவர். பரவல் மணி வடிவத்திலிருந்து விலகினால் தட்டையாகவும் போகலாம், கூராக எழும்பி வாலை நீட்டிக்கொள்ளவும் செய்யலாம். இந்த இரண்டையும் நினைவில் வைக்க வழி சொல்லி, 1927-ல் பயோமெட்ரிக்கா இதழில் ஓர் அடிக்குறிப்பில் தட்டையான பிளாட்டிபஸ் ஒன்றையும் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு கங்காருக்களையும் வரைந்து வைத்தார். அந்த இதழின் ஆசிரியர் கார்ல் பியர்சன். அவர் அதை அனுமதித்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பண்ணையார் கார்லுக்கு ஒரு மகன், எகான். அப்பாவின் இரைச்சலுக்கு நேர்மாறாக மெல்லப் பேசும் பிள்ளை. ஃபிஷர் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு 1929 ஜூன் மாதம் ‘நேச்சர்’ இதழில் மதிப்புரை எழுதினார். நல்ல புத்தகம்தான், ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் இயல்நிலை என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன என்பதை வாசகருக்கு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்பது சாரம். இதை இன்று படித்தால் மோரில் உப்பு ஒரு கல் கம்மி என்று சொன்ன மாதிரி இருக்கிறது. ஃபிஷருக்கோ அப்பன் பேசியதும் பத்தாமல் மகனும் பேச வந்துவிட்டான் என்று பட்டிருக்க வேண்டும். கொதித்துப் போய்க் கோசெட்டிடம் ஓடினார்.

இரண்டு வீட்டிலும் கை நனைக்கக்கூடிய ஒரே ஆள் கோசெட்தான். சமாதானமாக நேச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். பரவல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் என் சோதனை பெரிதாகக் கெட்டுப் போகாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை, அதற்குத் திடமான ஆதாரம் இருக்கிறதா என்றால் அவ்வளவாக இல்லை. ரொம்பக் கோணலாக இருந்தால் அட்டவணையை எப்படி மாற்றுவது என்று டாக்டர் ஃபிஷர் காட்டினால் நாங்கள் எல்லோரும் நன்றியோடிருப்போம் என்றார். தனக்காகப் பேசச் சொல்லி அனுப்பிய ஆள் தனக்கே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு வந்ததை ஃபிஷர் ரசிக்கவில்லை. உயிரியல் வேலையில் இயல்நிலைக் குறைவால் சிரமம் வந்து தான் கண்டதே இல்லை என்று ஆகஸ்டில் பதில் எழுதிக் கதவைச் சாத்தினார்.

மெல்லப் பேசும் பிள்ளைதான் வேலையைச் செய்தது. வேண்டுமென்றே கோணல்மாணலான பரவல்களை எடுத்து, சமவாய்ப்பு எண்களால் மாதிரிகளை உருவி, அவற்றின் மேல் அனோவாவைப் போட்டுப் பார்த்து, 1931-ல் முடிவை வெளியிட்டார் எகான். இயல்நிலை கெட்டாலும் அனோவா பெரும்பாலும் தாங்குகிறது! சண்டையை ஆரம்பித்தவரே, எதிராளி சொன்னது ஏறக்குறைய சரி என்று கை வலிக்கக் கணக்குப் போட்டுக் காட்டினார். இதனால் எதிராளியின் மனம் இளகியிருக்கும் என்று நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்ததில்லை என்று பொருள்.

1933-ல் கார்ல் ஓய்வு பெற்றார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஒரு காரியம் செய்தது. அவர் துறையை இரண்டாக வெட்டி, ஒன்றை ஃபிஷருக்கும் மற்றதை எகானுக்கும் கொடுத்து, இரண்டு பேரையும் ஒரே கட்டடத்தில் மாடிக்கொருவராக வைத்தது. தேநீர் அறை மட்டும் பொது. எகான் கூட்டம் நான்கு மணிக்குக் குடித்துவிட்டு இறங்கும். அது போய்விட்டது உறுதியான பிறகு, நாலரைக்கு ஃபிஷர் கூட்டம் வரும்.

இந்தத் தேநீர் அட்டவணையின் நடுவில்தான், 1935-ல் ஃபிஷரின் இன்னொரு புத்தகம் வந்தது. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று ருசித்தே சொல்லிவிடுவேன் என்ற ஒரு பெண்மணியின் கதை அதில் பிரசித்தம். ரோத்தம்ஸ்டெட்டில் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல்தான் அதற்கு மூலம். 8 கோப்பைகள், நான்கு அப்படி, நான்கு இப்படி. எந்த வரிசையில் நீட்டுவது என்பதை மனிதர் முடிவு செய்யக் கூடாது, குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். குருட்டாம்போக்கில் அத்தனையும் சரியாகச் சொல்ல 70-ல் 1 வாய்ப்புத்தான்.

அந்தக் குலுக்கலில்தான் ஃபிஷரின் நிஜமான மேதைமை இருக்கிறது என்பது என் கட்சி. சீட்டுப் போட்டு இரகங்களைப் பாத்திகளில் வைத்தால் நல்ல மண் யாருக்கும் சலுகை காட்ட முடியாது. சார்பற்ற தன்மையை அறுவடைக்குப் பிறகு சரிபார்க்க வேண்டியதில்லை, விதைக்கும்போதே வாங்கிக்கொண்டுவிட்டோம். கோசெட்டுக்கு இதுவும் பிடிக்கவில்லை. மேட்டுப் பக்கம் மண் நல்லது என்று தெரிந்தே இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவானேன், ஒழுங்காகப் பங்கிட்டு நடலாமே என்று 1937-ல் சாகும்வரை வாதாடினார். பீர்க்காரருக்கு வயலும் தெரியும்.

கூட்டல் தன்மைக்கும் அதே 1935-ல் ஒரு சண்டை நடந்தது. எகானின் கூட்டாளி, போலந்துக்காரர் ஜெர்சி நெய்மான், ராயல் புள்ளியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். உரத்தின் விளைவு எல்லாப் பாத்தியிலும் ஒரே அளவு என்பது நிச்சயமில்லையே, அப்படி இல்லாவிட்டால், ஒவ்வொரு உரமும் வரிசைக்கு ஒரு முறை, பத்திக்கு ஒரு முறை வரும்படி போடும் லத்தீன் சதுரத்தில் கணக்குத் தப்பலாமே என்பது கேள்வி. நியாயமான கேள்வி. ஃபிஷர் எழுந்து, பேச்சாளர் தனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்ததாகச் சொன்னார். பிறகு ஒரு மாலை, நெய்மான் பாடம் நடத்த வைத்திருந்த மர மாதிரிகள் அறையெங்கும் தரையில் சிதறிக் கிடந்தன. அது யாருடைய கைவேலை என்பதில் நெய்மானுக்கும் எகானுக்கும் சந்தேகமே இல்லை. பார்த்த சாட்சி கிடையாது. இன்மைக் கருதுகோளை நிராகரிக்க இயலவில்லை.

சமமான பரவல் என்ற மூன்றாவது நிபந்தனைக்குச் சோதனை செய்தவர் மாரிஸ் பார்ட்லெட். ஐ.சி.ஐ. கம்பெனியின் வேளாண் நிலையத்தில் இருந்தபடி 1937-ல் கொடுத்தார். அப்புறம் உலகப் போர். போர் முடிந்து 1947-ல் ‘பயோமெட்ரிக்ஸ்’ இதழ் ஒரே இலக்கத்தில் மூன்று கட்டுரைகளைப் போட்டது. அனுமானங்கள் எவை என்று ஐசன்ஹார்ட், அவை பொய்த்தால் என்ன ஆகும் என்று காக்ரன், தரவை எப்படி உருமாற்றலாம் என்று பார்ட்லெட். முதல் அனோவா அச்சேறி 24 வருடம் கழித்து நிபந்தனைகள் ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தன.

இனி மாப்பிள்ளை. ஜார்ஜ் பாக்ஸ் வேதியியல் படித்தவர். போர்க்காலத்தில் ராணுவ சார்ஜென்ட்டாக, பிராணிகள் மேல் விஷ வாயுவைச் சோதிக்கும் போர்ட்டன் டவுன் நிலையத்தில் இருந்தார். முடிவுகள் தாறுமாறாக வந்தன. நமக்கொரு புள்ளியியலாளர் வேண்டும் என்று கர்னலிடம் சொன்னார். ஆள் கிடைக்காது, உனக்கு என்ன தெரியும் என்றார் கர்னல். ஃபிஷர் என்பவரின் புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன், புரியவில்லை என்றார் பாக்ஸ். படித்துவிட்டாய் அல்லவா, நீயே செய் என்று உத்தரவு. ஓரளவுக்கு மேல் ஓடாமல், ஃபிஷரையே நேரில் பார்ப்பது என்று முடிவானது. ஒரு சார்ஜென்ட் கேம்பிரிட்ஜில் ஒரு பேராசிரியரைப் பார்க்கப் போவதற்கு ராணுவத்தில் படிவமே கிடையாது. எனவே கேம்பிரிட்ஜுக்கு ஒரு குதிரையைக் கொண்டுபோவதாக ரயில் வாரண்ட் எழுதிக் கொடுத்தார்கள். வாரண்டில் குதிரை, கையில் விஷக் கணக்கு. இப்படித்தான் நடந்தது முதல் சந்திப்பு.

போர் முடிந்ததும் பாக்ஸ் யாரிடம் போய் முனைவர் பட்டம் வாங்கினார்? எகான் பியர்சனின் துறையில்! பிற்பாடு, 1959-ல், யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்? ஃபிஷரின் மகள் ஜோனை! குரு ஒரு மாடி, மாமனார் இன்னொரு மாடி. பாரதக் கதையில் கூட இப்படி ஓர் உறவுமுறை அமைவது கடினம். அந்த ஜோன்தான் பின்னாளில் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

1953-ல் பாக்ஸ் ஒரு குண்டு போட்டார். குழுக்களின் அளவு சமமாக இருந்தால், பரவல் கோணலாக இருந்தாலும், மாறுபாடுகள் ஓரளவு வேறுபட்டாலும் அனோவா தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மாறுபாடுகள் சமமா என்று பார்க்கும் பார்ட்லெட் சோதனை, இயல்நிலை கொஞ்சம் கெட்டாலே உளற ஆரம்பிக்கிறது. காவல்காரனுக்கு எஜமானைவிட உடம்பு பலவீனம். பெரிய கப்பல் புறப்படும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துவர ஒரு துடுப்புப் படகை அனுப்புவதற்கு ஒப்பிட்டார் அவர். படகு கவிழ்ந்தால் கப்பலையும் கரையிலேயே நிறுத்திவிடுவோம்.

இந்த உவமை வந்து எழுபது வருடம் தாண்டிவிட்டது. படகுகளோ பெருகிவிட்டன. மாறுபாடு சமமா என்று பார்க்க 1960-ல் லெவீன் சோதனை, இயல்நிலையைப் பார்க்க 1965-ல் ஷாபிரோவும் வில்க்கும். ஒவ்வொன்றுக்கும் மென்பொருளில் ஒரு பொத்தான். மாணவர் ஷாபிரோ-வில்க்கை அழுத்துகிறார், பி மதிப்பு 0.03 என்று வருகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அழுத்தியது எதன் மேல்? எல்லாக் குழுவையும் கொட்டிக் கலந்த மூலத் தரவின் மேல். உரம் நிஜமாகவே வேலை செய்திருந்தால் அந்தக் கலவை இரண்டு திமில் ஒட்டகமாகத்தான் இருக்கும். சோதனை வெற்றி பெற்றதற்காகத் தண்டனை! பார்க்க வேண்டியது குழுச் சராசரியைக் கழித்த பின் மிஞ்சும் எச்சங்களை. அதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. மாதிரி சிறிதாக இருக்கும்போதுதான் கோணல் ஆபத்து, அப்போது சோதனைக்கு அது கண்ணில் படாது. மாதிரி பெரிதானால் கோணலால் ஆபத்தில்லை, அப்போது துரும்பைக்கூடத் தூணாகக் காட்டும்.

எச்சங்களைக் கண்ணால் பாருங்கள், வரைந்து பாருங்கள் என்று 1963-ல் விரிவாக எழுதியவர்கள் ஃபிராங்க் ஆன்ஸ்கோமும் ஜான் டூக்கியும். கூட்டல் தன்மைக்கு 1949-லேயே சோதனை கொடுத்தவர் இந்த டூக்கி. ஆன்ஸ்கோம் சில காலம் ரோத்தம்ஸ்டெட்டில் வேலை பார்த்தவர். இருவரும் அக்கா தங்கைகளைக் கட்டியவர்கள், ஆக சகலைகள். இந்தக் கதையிலேயே சொந்தபந்தம் சண்டையில்லாமல் ஒரு காரியம் முடித்தது இங்கேதான்.

மறு வருடம் பாக்ஸ் ஒரு டேவிட் காக்ஸோடு சேர்ந்தார். விக்டோரியா காலத்தில் ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ என்று ஒரு கூத்து நாடகம் உண்டு, ஆகவே நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதியே ஆக வேண்டும் என்று நண்பர்கள் சொன்னதும் ஒரு காரணம். 1964-ல் வந்தது கட்டுரை. அதில் ஓர் உதாரணம்: மூன்று விஷம், நான்கு சிகிச்சை, 48 பிராணிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்ற கணக்கு. குழுக்களின் பரவல் எக்கச்சக்கமாக வேறுபட்டது. நேரத்தைத் தலைகீழாக்கி, எவ்வளவு வேகமாகச் செத்தது என்று எழுதியதும் பரவல்கள் சமமாயின, கூட்டல் தன்மையும் கூடவே வந்து உட்கார்ந்தது. நல்ல உருமாற்றம் என்றால் அதுதான். பி மதிப்பு பணியும்வரை மடக்கை, வர்க்கமூலம், அதன் மூலம் என்று தரவைப் பிழிவது வேறு கலை.

மாறுபாடு சமமில்லையே என்று பதறுகிறவர்களுக்கு பி. எல். வெல்ச் 1951-லேயே வழி சொல்லிவிட்டார். அந்த அனுமானத்தையே கேட்காத அனோவா. குழுக்களின் அளவு வேறு வேறாக இருந்து, சின்னக் குழுவில் பரவல் பெரிதாக இருந்தால் சாதாரண அனோவா இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும். அங்கே வெல்சைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னுரையாக லெவீனை அழைத்து அனுமதி கேட்கத் தேவையில்லை.

நான்கில் மூன்றுக்குப் பொத்தான் வந்துவிட்டது. சார்பற்ற தன்மைக்கு? ஒரே தொட்டியில் நீந்தும் பத்து மீன்களும் பத்துத் தனிச் சாட்சிகளா, ஒரே சாட்சியா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 176 பரிசோதனைக் கட்டுரைகளைத் தூசி தட்டினார். அனோவா மாதிரியான சோதனைகளைப் போட்டவற்றில் 48 சதவீதத்தில் இந்தப் பிழை இருந்தது. பக்கத்து வரிசையைத் தனிச் சாட்சியாக எண்ணிய அதே 1923 உருளைக்கிழங்குப் பிழை.

அந்தக் கட்டுரையில் ஹர்ல்பர்ட் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். பரிசோதனையைக் குழப்பும் காரணங்கள் ஒரு பக்கம், பரிகாரங்கள் மறு பக்கம். குலுக்கிப் போடு, திரும்பத் திரும்பச் செய் என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசிக் காரணமாகப் பேய் புகுதலைச் சேர்த்திருக்கிறார். அதற்கு அவர் எழுதிய பரிகாரங்கள் மூன்று: ஓயாத விழிப்பு, பேயோட்டுதல், நரபலி. நம் ஊர் ஆய்வு வழிகாட்டிகள் மூன்றாவதை மட்டும் வருடம் தவறாமல் செய்துவருகிறார்கள்.